கூவை மாவில் பிழிந்த நூடுல்ஸ்

பப்பாளிக்காயைச் சீவி நூல் நூலாக்கி, கொதிக்கிற தண்ணீரில் ஒரு நிமிடம் போட்டு எடுத்து, அதற்கு நூடுல்ஸ் என்று பெயர் வைத்தவன் யாரென்று எனக்குத் தெரியாது. தெரிந்தால் அவன் வீட்டு வாசலில் போய் நின்று, நாலு பேர் கேட்கும்படி, எங்கள் ஊர்த் தமிழில் கொஞ்ச நேரம் பேசிவிட்டு வருவேன். பப்பாளிக்காய் பப்பாளிக்காயாக இருந்தவரை எனக்கும் அதற்கும் எந்தத் தகராறும் கிடையாது. தேங்காய்ப்பூவோடு வதக்கிய துவரனாக வரும், இலையில் சோற்றுக்குப் பக்கத்தில் அடக்கமாக உட்காரும், மரியாதையாக உள்ளே போகும். அதைப் பிடித்துச் சோற்றின் நாற்காலியில் உட்காரவைத்தார்கள் பாருங்கள், அதுதான் அநியாயம்.

இத்தனைக்கும் நான் நூடுல்ஸ் கேட்டவனே அல்ல. சுசீந்திரத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். காலையில் இடியாப்பம், மத்தியானம் சம்பா அரிசிச் சோறும் மீன் குழம்பும், சாயங்காலம் மரச்சீனிக் கிழங்கு, இடையிடையே கடை வாசலில் தொங்கும் மட்டிப்பழக் குலையில் கைக்கு எட்டியது. வேலை என்பது பொத்தானை அமுக்குவது. அந்த மிஷின்கூட என்னைவிட அதிகமாக அசையும். தொண்ணூற்று நான்கு கிலோ. அதை நான் ஒரு குறையாக நினைத்ததே இல்லை. பஸ்ஸில் பக்கத்தில் உட்காருபவர்கள் நினைத்திருக்கலாம்.

அக்காவுக்கு ஈரல் கெட்டுப்போனதும்தான் என் உடம்பு ஊர்ப் பிரச்சினையானது.

அக்கா கோட்டாற்றில் இருக்கிறாள். என்னைவிட நான்கு வயது மூத்தவள். குடியென்ன, இருமல் மருந்தைக்கூட மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிப்பவள். அவள் உடம்பே அவள் ஈரலைப் பகையாளி என்று நினைத்துத் தாக்குகிறது என்றார் டாக்டர். மாற்று ஈரல் வைத்தால்தான் பிழைப்பாள் என்றும் சொன்னார். சொந்தக்காரர் ஒருவர் என் கடைக்கு வந்து, ஆதார் அட்டையை நீட்டிக்கொண்டே, "குடிக்காத பொம்பளைக்கு எப்படிவே ஈரல் போகும்?" என்று கண்ணைச் சிமிட்டிக் கேட்டார். அவர் ஆதார் அட்டையைத் தலை இல்லாமல் நகலெடுத்து, மடித்து, கவரில் போட்டுக் கொடுத்தேன்.

ஈரலில் ஒரு துண்டை வெட்டிக் கொடுத்தால் இருவருக்கும் வளர்ந்துவிடுமாம். அத்தானுக்கு ரத்தம் ஒத்துவரவில்லை. அக்காவின் ஒரே மகள் ஆறு மாதக் கர்ப்பிணி. மிச்சம் நான். எனக்கு ஒத்துவந்தது. ஒரு வாரம் ஊருக்குள் நெஞ்சை நிமிர்த்தி நடந்தேன். கர்ணனுக்கு அடுத்து நான்தான் என்கிற நடை. பிறகு ஸ்கேன் எடுத்தார்கள்.

டாக்டர் படத்தைப் பார்த்தார், என் வயிற்றைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார். "உங்க ஈரல் முழுக்கக் கொழுப்பு. இதை வெட்டி வச்சா அவங்களுக்கும் ஆபத்து, உங்களுக்கும் ஆபத்து. பத்து கிலோ குறைச்சுட்டு வாங்க. ரெண்டு மாசம் பார்க்கலாம். அதுக்கு மேல காத்திருக்க உங்க அக்கா உடம்பு விடாது" என்றார்.

ஈரல் தருகிறேன் என்று போனவன், எண்ணெயில் பொரித்த ஈரலைக் கொண்டுபோயிருக்கிறேன். இடியாப்பத்தின் மீதும், குழம்பில் மிதந்த தேங்காயின் மீதும், ஐம்பது வருடமாக "இன்னும் ஒரு கரண்டி" என்று சொன்ன ஒவ்வொரு ஆள் மீதும் அன்றைக்கு எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. முக்கியமாக, அந்தக் கரண்டியின் கீழே தட்டை நீட்டிய கையின் மீது.

உணவு ஆலோசனைக்கு என்று ஆஸ்பத்திரியில் ஒரு சின்னப் பெண் இருந்தாள். என் மகள் வயதுதான். "எதை சார் உங்களால விடவே முடியாது?" என்று கேட்டாள்.

"இடியாப்பம்."

"எத்தனை சாப்பிடுவீங்க?"

"எண்ணுகது இல்ல."

"பதினாலு" என்றாள் என் மனைவி, கூரையைப் பார்த்துக்கொண்டு.

அந்தப் பெண் சிரிக்கவில்லை. மாவுச்சத்தை அறவே விட வேண்டும் என்றாள். இடியாப்பம் மாதிரி நூலாக எதையாவது பார்த்தால்தான் மனம் அடங்கும் என்றால், பப்பாளிக்காய், வெள்ளரிக்காய், வாழைத்தண்டு இவற்றை நூடுல்ஸாகச் சீவிச் சாப்பிடுங்கள் என்றாள். சேனை இனத்தில் ஒரு வெளிநாட்டுக் கிழங்கு இருக்கிறது, அதன் மாவில் செய்த நூடுல்ஸ் பாக்கெட்டில் வருகிறது, நார்ச்சத்துதான், அதையும் சாப்பிடலாம் என்றாள்.

ஆரம்பித்தேன். பப்பாளிக்காயின் தோலைச் சீவினால் பால் வடிந்து கையெல்லாம் பிசுபிசுக்கும். கழுவி, நீள நீளமாகச் சீவி, உப்புப் பிசறிக் கால் மணி நேரம் வைத்து, தண்ணீரைப் பிழிய வேண்டும். பிழியாவிட்டால் தட்டில் குளம் கட்டும். வாழைத்தண்டு இன்னும் மோசம். வில்லை வில்லையாக வெட்டி, ஒவ்வொரு வெட்டுக்கும் வருகிற நாரை விரலில் சுற்றி எடுத்துவிட்டு, பிறகு நூலாக நறுக்க வேண்டும். நூலை எடுத்து எறிந்துவிட்டு நூலாக வெட்டுகிற இந்த வேலையில் என்ன நியாயம் இருக்கிறது என்று மனைவியிடம் கேட்டேன். "ஒங்களுக்குத் தொப்ப இருக்கதுல என்ன நியாயம் இருக்கு?" என்று அவள் கேட்டாள்.

அதன் மேல் மீன் குழம்பை ஊற்றினால் ஒட்டவில்லை. சோறு என்றால் குழம்பை இழுத்து நெஞ்சோடு அணைத்துக்கொள்ளும். இது வேண்டாத விருந்தாளியை வாசலோடு அனுப்புவது மாதிரி குழம்பைத் தட்டின் ஓரத்துக்குத் தள்ளியது. குழம்பு தனி, காய் தனி, நான் தனி. மென்றேன். முழுங்கினேன். எழுந்து கை கழுவும்போது இனிமேல்தான் சாப்பிட வேண்டும் என்று தோன்றியது. இரண்டு வாரம் இப்படி. காலையிலும் மாலையிலும் வயல் பாதையில் நடை. இரண்டரை கிலோ குறைந்தது. கடைக்கு வருகிறவர்கள் எல்லோரிடமும் எரிந்து விழுந்தேன். பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் இரண்டு பக்கமும் நகலெடுக்கச் சொன்னதற்கு, "ஒரு பக்கம் போதாதா ஓய்?" என்று கேட்டிருக்கிறேன்.

பிறகு அந்த வெளிநாட்டுப் பாக்கெட் வந்தது. பிரித்ததும் மீன் நாற்றம். மீன் நாற்றம் எனக்குப் புதிதல்ல, ஆனால் இது மீன் இல்லாத மீன் நாற்றம். நாலு தண்ணீர் மாற்றிக் கழுவி, சட்டியில் வெறுமனே போட்டு வாட்டியபோது, கண்ணாடி மாதிரி, வழுவழுவென்று, ஒரு ருசியும் இல்லாமல் ஒரு பிடி கிடந்தது. விலையைப் பார்த்தேன். அந்த விலைக்கு நல்ல நெய்மீன் வாங்கலாம்.

இங்கேதான் என் புத்தி வேலை செய்தது. அது வேலை செய்யாமல் இருந்திருந்தால் நல்லது.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒரு வியாதி உண்டு. வெளியூரிலிருந்து எதைக் கொண்டுவந்து காட்டினாலும், "இது நம்ம ஊர்ல உள்ளதுதாம்லா" என்போம். பிரான்ஸில் செய்த பாலாடைக்கட்டியைக் காட்டினாலும் எங்கள் சித்தி வீட்டில் அது உண்டு என்போம். நான் அந்தக் கண்ணாடி நூலை விரலில் தூக்கி விளக்கு வெளிச்சத்தில் பார்த்தேன். கிழங்கு மாவு. நிறமில்லை. ருசியில்லை. வழுவழுப்பு.

"ஏட்டி, இங்க வந்து பாரு. இது நம்ம கூவக் களி!"

மனைவி வந்து பார்த்தாள். அவளும் இந்த ஊர்க்காரிதானே. "ஆமா" என்றாள்.

கூவைக்கிழங்கு எங்கள் பக்கத்தில் வாழைக்கு ஊடே வளரும். அரைத்து, கரைத்து, தெளியவைத்து, வெயிலில் உலர்த்தினால் வெள்ளை வெளேரென்று மாவு. பச்சைப்பிள்ளைக்குக் கொடுப்போம், வயிற்றுப்போக்குக்குக் கொடுப்போம், நீர்க்கடுப்புக்குக் கொடுப்போம். நோயாளியும் குழந்தையும் சாப்பிடுகிற பொருளில் கொழுப்பு எங்கிருந்து வரும்? இப்படிக் கேட்டுக்கொண்டேன், எனக்கு நானே தலையாட்டிக்கொண்டேன்.

கூவை மாவைக் கரைத்து, அடுப்பில் வைத்துக் கிளறினோம். பால் வெள்ளை மெல்ல மெல்லக் கண்ணாடியாக மாறிக் கெட்டியானது. அதைச் சூட்டோடு இடியாப்ப நாழியில் போட்டு, ஐஸ் தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் பிழிந்தாள் மனைவி. நூல் நூலாக இறங்கி, தண்ணீரில் விறைத்து, பாக்கெட்டில் வந்ததைவிட அழகாக மின்னியது. மீன் நாற்றம் கிடையாது. குழம்பு ஒட்டியது! ஒரு வாய் போட்டேன். இரண்டு வாரத்துக்குப் பிறகு என் வயிறு என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது.

மூன்று வாரம் மூன்று வேளையும் அதுதான். காலையில் முட்டையோடு, மத்தியானம் மீன் குழம்போடு, இரவு அவியலோடு. "சோத்த தொட்டே இருவத்தஞ்சு நாளாச்சு மக்கா" என்று கடைக்கு வந்தவர்களிடம் பீற்றிக்கொண்டேன். இரண்டு பேருக்குச் செய்முறை எழுதி, நகலெடுத்து, இலவசமாகக் கொடுத்தேன். மனைவி மட்டும் ஒருநாள், "வேட்டி முன்ன விட இறுக்கமா இருக்கே?" என்றாள். துணி துவைத்துச் சுருங்கிவிட்டது என்றேன்.

ஐந்தாவது வாரம் ஆஸ்பத்திரியில் எடை பார்த்தார்கள். தொண்ணூற்று நான்கரை.

மிஷின் பழுது என்றேன். அந்தப் பெண் தானே ஏறிக் காட்டினாள். பழுதில்லை. "என்னென்ன சார் சாப்பிட்டீங்க?" என்று கேட்டாள். பரிசு வாங்கப் போகிறவன் மாதிரி விளக்கினேன், நாழி முதல் ஐஸ் தண்ணீர் வரை. அவள் பேனாவை மேசையில் வைத்தாள்.

"சார், கூவைன்னா ஆரோரூட் தானே? அது முழுக்க முழுக்க மாவுச்சத்து சார். சோத்தை விடக் கூட."

"இருக்காது. அது பச்சப்பிள்ளைக்குக் குடுக்க மருந்துல்லா?"

"பச்சப்பிள்ளை எடை கூடணும்னுதானே சார் குடுக்கிறோம்?"

டாக்டர் இன்னும் ஆறு வாரம் தருகிறேன் என்றார். பிறகு, கோப்பைப் பார்த்துக்கொண்டே, "அக்காவுக்கு வயித்துல தண்ணி சேர்றது கூடிட்டு இருக்கு" என்றார். பஸ்ஸில் திரும்பி வரும்போது மனைவி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் என் தொடையை நானே கிள்ளிக்கொண்டேன். அவ்வளவு சதை இருந்தும் வலித்தது.

மறைத்துவிடலாமா என்று யோசித்தேன். மனைவி விடவில்லை. "மைனிகிட்ட நீங்க சொல்லுகியளா, நான் சொல்லட்டா?" நான் கோட்டாற்றுக்குப் போனேன். அக்கா கட்டிலில் சாய்ந்திருந்தாள். கண்கள் மஞ்சள், கால்கள் வீக்கம். நடந்ததைச் சொன்னேன். கடைசியில் ஒரு நகைச்சுவையும் சேர்த்தேன். அதுவும் என் வியாதிதான்.

"ஏலே" என்றாள். குரல் உயரவில்லை, அதனால் பயமாக இருந்தது. "ஈரல் தாறேன்னு சொல்லிட்டு மூணு வாரம் கூவக் களி தின்னியா?"

"அது கூவன்னு தெரியும்க்கா. மாவுச்சத்துன்னு தெரியாது."

"எனக்கு ரெண்டு தடவ வயித்துல குத்தித் தண்ணி எடுத்தாவ. நான் ஒரு சத்தம் போட்டனா? ஒருத்தருட்ட சொல்லி அழுதனா? நீ வாயக் கெட்ட முடியாம, நாழியில பிழிஞ்சு, கொழம்பு ஊத்தி..." மூச்சு வாங்கியது. "எனக்கு ஒன் ஈரலும் வேண்டாம், எளவும் வேண்டாம். போ. நல்லா தின்னு."

"வேண்டாம்னு சொல்ல நீ யாரு? ஈரல் என்னது."

"வைக்கப்போறது எனக்கு."

"நான் தருவேன்."

"நான் வாங்க மாட்டேன். போலே!"

அத்தான் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு டீ போடப் போய்விட்டார். நான் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் இறங்கினேன். வழியெல்லாம் அவளைத் திட்டினேன். சாகப்போகிறவளுக்கு என்ன திமிர் என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். சொன்ன வார்த்தை காதில் விழுந்ததும் ஒரு பாத்திரக்கடை முன்னால் அப்படியே நின்றேன். கடைக்காரர் எவர்சில்வர் குடம் காட்டினார்.

மறுநாள் காலை என் வீட்டு முன்னால் ஆட்டோ நின்றது. அக்கா இறங்கினாள். ஒரு கையில் துணிப்பை, மறு கையில் எடை பார்க்கும் மிஷின்.

"இனி இங்கதான் இருப்பேன். நீ என்னத்தத் திங்கியன்னு எனக்குப் பாக்கணும்."

"வேண்டாம்னு சொன்னியே?"

"கோவத்துல சொன்னேன். நேத்து ராத்திரி மகளுக்க வயித்துல கைய வச்சுப் பாத்தேன். பிள்ள காலால சவுட்டுது. அது முகத்தப் பாக்காம நான் போக மாட்டேன். கேட்டியா? ஒன் ஈரல வெட்டி எடுத்தாவது பாப்பேன்."

அந்த ஆறு வாரத்தைப் பற்றி நல்ல வார்த்தை ஒன்றும் சொல்லத் தோன்றவில்லை. அக்காவுக்கு உப்பில்லாச் சாப்பாடு. எனக்குச் சோறில்லாச் சாப்பாடு. எதிரெதிரே உட்கார்ந்து ஒருவர் தட்டை ஒருவர் பொறாமையோடு பார்த்துக்கொண்டு சாப்பிட்டோம். அவள் சோற்றை நான் பார்ப்பேன், என் குழம்பை அவள் பார்ப்பாள். நடுவில் என் மனைவி தன் தட்டைத் தூக்கிக்கொண்டு அடுக்களைக்குள் போய்ச் சாப்பிடுவாள். எனக்கு எரிச்சல் முற்றியது. அக்கா தண்ணீர் குடித்தால் எரிச்சல், குடிக்காவிட்டால் எரிச்சல். காலை ஐந்து மணிக்கு எடை மிஷினைக் காலால் தள்ளிக்கொண்டு வந்து கட்டிலருகே நிற்பாள். "ஏறு."

ஒருநாள் கடையிலிருந்து வந்தபோது, அவள் அடுக்களையில் உட்கார்ந்து, வீங்கிய காலை முக்காலியில் தூக்கி வைத்துக்கொண்டு, மடியில் முறத்தோடு பப்பாளிக்காய் சீவிக்கொண்டிருந்தாள். மூச்சுக்கு ஒரு சீவல். பாதிக்காய் முடிந்திருந்தது.

"ஒன்ன யாரு செய்யச் சொன்னா? போய்ப் படு!" என்று கத்தினேன்.

"நீ தண்டியா சீவுகே. அதான் கொழம்பு ஒட்ட மாட்டேங்கு. நூலு மாதிரி சீவணும்."

"ஒட்டாட்டா போகுது. கத்திய தா."

"தர மாட்டேன்."

கத்தியை நான் இழுக்க, அவள் விடாமல் பிடிக்க, முறம் கவிழ்ந்து அவ்வளவும் தரையில் கொட்டியது. இரண்டு பேரும் அதைப் பார்த்தோம். பிறகு நான் மண்டியிட்டு ஒவ்வொன்றாகப் பொறுக்கினேன். கழுவிப் பிழிந்து, வேகவைத்துத் தின்றேன். அவள் சொன்னது சரிதான். மெல்லிசாகச் சீவினால் கொஞ்சம் ஒட்டுகிறது. அதை அவளிடம் சொல்லவில்லை. எடை மட்டும் இறங்கியது. ஆறாவது வாரம் எண்பத்து நான்கரை. ஸ்கேனில் கொழுப்பு வேண்டிய அளவுக்கு வற்றியிருந்தது. ஊரில் எதிர்ப்பட்டவர்கள் எல்லோரும், "என்ன, சுகரா?" என்று துக்கம் விசாரித்தார்கள்.

கடைசியாக ஒரு விசாரணை. உறுப்புக் கொடுப்பவன் தன் விருப்பத்தோடுதான் கொடுக்கிறானா என்று ஒரு குழு கேட்டு, காமிராவில் பதிந்து, கையெழுத்துப் போட்டால்தான் அறுவை. அக்காவை வெளியே உட்காரவைத்துவிட்டு என்னையும் மனைவியையும் உள்ளே கூப்பிட்டார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். நடுவில் கண்ணாடி போட்ட ஒரு அம்மா.

"இதுல யாராவது உங்களைக் கட்டாயப்படுத்தினாங்களா?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வீட்டுக்குப் போயிருக்கலாம். அன்று காலை வாழைத்தண்டு. பசி. வாய் முந்திக்கொண்டது.

"ஆமா மேடம். எங்க அக்கா."

மனைவியின் கை என் முழங்கையில் இறுகியது. ஓரத்தில் இருந்தவர் எழுதுவதை நிறுத்திவிட்டுப் பேனாவை மூடினார். அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றினாள். "அப்படின்னா இதை மேல கொண்டு போக முடியாது" என்றாள்.

அடுத்த கணம் மூன்று மாதக் கோபமும் ஒன்றாக மேலே வந்தது.

"என்ன மேடம் பேசுகிய? ஈரலக் குடுக்க ஒருத்தரும் சொல்லல. அவ வேண்டாம்னுதான் சொன்னா. திங்காதன்னுதான் கட்டாயப்படுத்தினா. பதினோரு வாரமாச்சு. இடியாப்பம் இல்ல, சோறு இல்ல, ஒரு மட்டிப்பழம் இல்ல. பப்பாளிக்காயச் சீவி நூடுல்ஸுன்னு வைக்காவ. வாழத்தண்ட நூடுல்ஸுன்னு வைக்காவ. நீங்க ஒரு நேரம் தின்னு பாருங்க. போலீஸ வச்சு அடிச்சாக்கூட ஒரு மனுஷன் அத ரெண்டாவது நேரம் திங்க மாட்டான். நான் தின்னேன். யாரும் பாக்காத நேரத்துலயும் தின்னேன். கட்டாயத்துல செய்யக்கூடிய காரியமா இது? எழுதுங்க. நான் சொன்னத அப்படியே எழுதுங்க!"

மேசையைத் தட்டியிருக்கிறேன். அது எனக்கு நினைவில்லை, மனைவி சொன்னாள். அந்த அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கோப்பைப் புரட்டி, பதினோரு வாரத்து எடைப் பட்டியலை மேலிருந்து கீழே விரலால் தடவிப் பார்த்தாள். விரல் ஐந்தாவது வாரத்தில் நின்றது.

"இங்க மட்டும் ஏன் கூடியிருக்கு?"

கூவையைச் சொன்னேன். ஓரத்தில் இருந்தவர் இருமினார். அந்த அம்மா குனிந்து, தோள் லேசாகக் குலுங்க, வெகுநேரம் எதையோ எழுதினாள். பிறகு மறுபடி நிமிர்ந்து, அதே கேள்வியை அட்சரம் பிசகாமல் கேட்டாள். இந்தத் தடவை நான் காமிராவைப் பார்த்து, "இல்லை" என்றேன். மூன்று பேரும் கையெழுத்துப் போட்டார்கள்.

வெளியே அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள்.

"உள்ள என்னலே சத்தம்? இங்க வர கேக்குது. ஒப்பு போட்டாவளா?"

"போட்டாவ."

அவள் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தாள். என் மணிக்கட்டைப் பிடித்தாள். இப்போது அது ஒரு கைக்குள் அடங்கியது. கொஞ்ச நேரம் விடவில்லை. ஏதாவது நல்லதாகச் சொல்லப்போகிறாள் என்று குனிந்தேன்.

"ஆப்பரேசனுக்கு இன்னும் ஒம்பது நாளு கெடக்கு. அதுக்குள்ள எங்கயாவது போய்த் தின்னுத் தொலச்சிராத" என்றாள்.

கையை உதறிக்கொண்டு பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தேன். பத்தடி போய்த் திரும்பிப் பார்த்தேன். அவளால் அவ்வளவு வேகமாக நடக்க முடியாது. நின்றேன்.